வாடிக்கையாளருக்காக நஷ்டப்படும் உரிமை யாரிடம்?

புகார்கள் கூடிக்கொண்டே போகின்றன. பழைய வாடிக்கையாளர்கள் சண்டை போடுவதைக்கூட விட்டுவிட்டு, சத்தமில்லாமல் கழன்றுகொள்கிறார்கள். ஒரு திங்கட்கிழமை மீட்டிங்கில் நிறுவனத் தலைவர், "இனிமேல் நமக்கு வாடிக்கையாளர்தான் முதல்" என்கிறார். எல்லாரும் தலையாட்டுகிறார்கள். அடுத்த வாரத்துக்குள் அவர் மேசைக்கு யோசனைகள் வந்து சேரும். நான் பார்த்தவரை எந்த நிறுவனத்திலும் பெரும்பாலும் இந்த நான்குதான் வரும்: தலைவரும் மேலாளர்களும் நேரில் போய் வாடிக்கையாளரைப் பார்ப்பது; ஒரு மதிப்பெண் வைத்து மாதாமாதம் அளப்பது; வாடிக்கையாளர் அனுபவத்துக்கென்று தனி அதிகாரியும் துறையும் போடுவது; கவுன்ட்டரிலும் ஃபோனிலும் இருப்பவர் கையிலேயே முடிவை விட்டுவிடுவது.

நான்கையும் செய்தால் என்ன? செய்யலாம்தான். ஆனால் ஒரு தலைவருக்கு ஒரு வருஷத்தில் ஒரு பெரிய மாற்றத்தைக் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கத்தான் தெம்பு இருக்கும். மற்றவை பவர்பாயின்ட்டோடு நின்றுவிடும். அதனால் எதை முதலில் எடுப்பது என்பது வெட்டிக் கேள்வி இல்லை.

இவற்றை ஒப்பிட நான் ஒரே ஓர் அளவுகோலைத்தான் வைத்துக்கொள்கிறேன். காசு செலவாகாத வரை எல்லா நிறுவனமும் வாடிக்கையாளர் பக்கம்தான். அவருக்கு நியாயம் செய்ய வேண்டுமானால் இன்றைய வருமானத்தில் கொஞ்சத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்கிற நேரம் வரும்போதுதான் விஷயமே இருக்கிறது. அந்த நேரத்தில் "சரி, விட்டுடுவோம்" என்று சொல்லும் உரிமை யாருக்கு? எவ்வளவு வரைக்கும்? யாரையும் கேட்காமலா, மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கிய பிறகா? ஒவ்வொரு யோசனையும் இந்தக் கேள்விக்கு என்ன பதில் வைத்திருக்கிறது என்று பார்த்தால் வித்தியாசம் புரிந்துவிடும்.

தலைவரே நேரில் போவது

இதற்குப் பெரிய உதாரணம் கணினி நிறுவனமான ஐபிஎம். லூ கெர்ஸ்ட்னர் 1993 ஏப்ரலில் அங்கே தலைமைக்கு வந்தார். அதற்கு முந்தைய வருஷம் மட்டும் நிறுவனத்துக்குக் கிட்டத்தட்ட 500 கோடி டாலர் நஷ்டம். ஐபிஎம்மைத் துண்டு துண்டாகப் பிரித்துவிடலாம் என்ற திட்டம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. வந்தவர் தன் மேல்மட்ட அதிகாரிகள் 50 பேரிடமும் ஒரு வேலை கொடுத்தார்: மூன்று மாதத்துக்குள் ஒவ்வொருவரும் பெரிய வாடிக்கையாளர்களில் குறைந்தது ஐந்து பேரைப் போய்ப் பார்க்க வேண்டும். அவர்களுக்குக் கீழே இருந்த இருநூறு பேருக்கு மேற்பட்டவர்களுக்கும் அதே வேலை. அதற்கு 'ஆபரேஷன் பேர் ஹக்' என்று பெயர், நம் பேச்சில் கரடிப்பிடி.

போய்ப் பார்ப்பதில் பெரிய புதுமை இல்லை. ஒவ்வொரு சந்திப்புக்கும் ஓரிரண்டு பக்கத்தில் அறிக்கை எழுதித் தன்னிடமே நேராகத் தரச் சொன்னார், வந்ததைப் படித்தார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. தலைவர் படிக்கிறார் என்று தெரிந்ததும் அறிக்கையின் தரம் மாறிவிடும். இந்தச் சந்திப்புகளிலெல்லாம் வாடிக்கையாளர்கள் சொன்னது, 'வெவ்வேறு கம்பெனியின் கருவிகளை ஒன்றாக இணைத்துத் தர எங்களுக்கு ஆள் வேண்டும்' என்பதுதான். கெர்ஸ்ட்னரே முன்பு அமெரிக்கன் எக்ஸ்பிரஸில் இருந்தபோது ஐபிஎம்மின் வாடிக்கையாளர், அதனால் அந்தக் குறை அவருக்கே தெரியும். ஐபிஎம் பிரிக்கப்படாமல் தப்பியது.

இன்னொரு வகை, வாடிக்கையாளர் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது. 1983-இல் தொடங்கிய இன்டுயிட் நிறுவனம், தன் குவிக்கன் மென்பொருளை வாங்கியவர்களிடம் அனுமதி கேட்டு அவர்கள் வீட்டுக்கே ஆள் அனுப்பியது. ஆலோசனை சொல்லவோ விற்கவோ இல்லை, சும்மா பார்ப்பதற்கு. வீட்டுக் கணக்குக்காகச் செய்த மென்பொருளைச் சிறு தொழில் செய்பவர்கள் தங்கள் தொழில் கணக்குக்குப் பயன்படுத்துகிறார்கள் என்பது கவனத்துக்கு வந்தது. பற்று வரவு என்ற கணக்குப் பாஷையே தெரியாதவர்கள் அவர்கள். அந்தக் கவனிப்பிலிருந்துதான் பிற்பாடு சிறு தொழில்களுக்கான கணக்கு மென்பொருள் குவிக்புக்ஸ் வந்தது. சர்வேயில் இதைக் கேட்டிருக்க முடியாது, ஏனென்றால் கேட்கத் தோன்றியிருக்காது.

சரி, குறை என்ன? நேரில் போவதால் தலைவருக்கு விஷயம் தெரியும், அவ்வளவுதான். முடிவெடுக்கும் உரிமை இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஸ்டார்பக்ஸின் தலைமைச் செயல் அதிகாரியாக 2023-இல் பொறுப்பேற்ற லக்ஷ்மண் நரசிம்மன், மாதம் அரை நாள் கடையில் வேலை செய்வேன் என்று அறிவித்தார். அதற்கு முன்பே காபி போடப் பயிற்சியும் எடுத்துக்கொண்டிருந்தார். 2024 ஆகஸ்டில், விற்பனை சரிந்த நிலையில், அவரை மாற்றிவிட்டார்கள். கடைக்குப் போனதால் விற்பனை சரிந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கடைக்குப் போவது மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாதல்லவா?

அப்புறம், தலைவர் வருகிறார் என்றால் கிளை விருந்தாளி வரும் வீடுபோல ஆகிவிடும். அன்றைக்கு மட்டும் எல்லாக் கவுன்ட்டரிலும் ஆள் இருக்கும். சொல்லாமல் போனால்தான் உண்மை நிலவரம் தெரியும், சொல்லாமல் போகத் தலைவர்களுக்கு நேரம் அமைவதில்லை.

மதிப்பெண் வைத்து அளப்பது

நான்கில் சுலபமானது இது, அதனாலேயே பலரும் முதலில் எடுப்பதும் இதைத்தான். நிர்வாக ஆலோசகர் ஃபிரெட் ரைக்கெல்ட் 2003 டிசம்பரில் ஹார்வர்ட் பிசினஸ் ரெவ்யூவில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகம் முழுக்கப் பரவிய முறை நமக்கெல்லாம் பழக்கமானதுதான். "எங்களை உங்கள் நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா? 0 முதல் 10 வரை சொல்லுங்கள்." 9, 10 கொடுத்தவர்களின் சதவீதத்திலிருந்து 0 முதல் 6 வரை கொடுத்தவர்களின் சதவீதத்தைக் கழித்தால் ஓர் எண் கிடைக்கும். 7, 8 கொடுத்தவர்கள் மொத்த எண்ணிக்கையில் மட்டும் வருவார்கள், இரண்டு பக்கத்திலும் சேரமாட்டார்கள்.

செலவு குறைவு, வேகம் அதிகம், கிளைக்குக் கிளை ஒப்பிடலாம். தெர்மாமீட்டராக வைத்துக்கொண்டால் நல்ல கருவிதான். சிக்கல் எங்கே தொடங்குகிறதென்றால், அந்த எண்ணை போனஸோடு முடிச்சுப் போடும்போது. என் வீட்டில் ஒரு கருவியைப் பழுது பார்க்க வந்தவர், வேலை முடிந்ததும் என் ஃபோனைக் கையில் வாங்கி, "பத்து கொடுத்துடுங்க சார், ஒன்பது போட்டாக்கூட கேள்வி கேட்பாங்க" என்றார். பத்து கொடுத்தேன். கருவி மூன்றாம் நாள் மறுபடி நின்றுவிட்டது. அந்த நிறுவனத்தின் டேஷ்போர்டில் நான் இன்றைக்கும் பரம திருப்தியான வாடிக்கையாளர். பொருளாதார அறிஞர் சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975-இல் பணக் கொள்கையைப் பற்றிச் சொன்னது இங்கேயும் அப்படியே பொருந்தும்: எந்த அளவீட்டைக் கட்டுப்பாட்டுக்குப் பயன்படுத்த ஆரம்பிக்கிறோமோ, அதன் நம்பகம் போய்விடும்.

இதன் முற்றிய நிலை அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி. ஒரு வாடிக்கையாளருக்கு எத்தனை கணக்கு, எத்தனை கார்டு என்ற எண்ணிக்கையை உறவின் ஆழத்துக்கான அளவாக அந்த வங்கி வைத்துக்கொண்டது. இலக்கு ஒருவருக்கு எட்டு. இலக்கை எட்ட முடியாத ஊழியர்கள், வாடிக்கையாளருக்கே தெரியாமல் அவர் பெயரில் கணக்கு திறந்தார்கள். 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது. சில வருஷங்களில் ஏறத்தாழ 5,300 ஊழியர்கள் வேலையிழந்திருந்தார்கள். அனுமதியில்லாமல் திறந்திருக்கக்கூடிய கணக்குகள் முதலில் சுமார் 20 லட்சம் என்றார்கள், மறு ஆய்வில் அது 35 லட்சம் வரை போனது. 2016 அக்டோபரிலேயே தலைமைச் செயல் அதிகாரி ஜான் ஸ்டம்ப் பதவி விலகினார். அந்த எண்ணைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த மேலதிகாரிகளுக்கு, வாடிக்கையாளர் உறவு வருஷத்துக்கு வருஷம் வலுப்படுவதாகத்தான் தெரிந்திருக்கும்.

போனஸ் இல்லாவிட்டாலும் கேள்வி தப்பாக இருந்தால் பதிலும் தப்புதான். கோக்க-கோலா புதிய சுவையைக் கொண்டுவரும் முன் ஏறத்தாழ 2 லட்சம் பேருக்கு ருசிக்கக் கொடுத்துக் கேட்டது, புதியதே பிடித்திருக்கிறது என்று கூடுதல் பேர் சொன்னார்கள். 1985 ஏப்ரல் 23-இல் அறிவித்தார்கள். 79 நாளில் பழைய கோக் திரும்பி வந்தது. எந்தச் சுவை நன்றாக இருக்கிறது என்று கேட்டவர்கள், பழையதை எடுத்துவிட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்பதைச் சரியாக எடைபோடவில்லை. 2 லட்சம் என்ற பெரிய எண்ணே அவர்களுக்குத் தைரியம் கொடுத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நம் அளவுகோலை வைத்துப் பார்த்தால், மதிப்பெண் முறையில் நஷ்டப்படும் உரிமை யாருக்கும் கிடைப்பதில்லை. கெட்ட மதிப்பெண் வந்தது என்று தெரியும், அதைச் சரிசெய்யக் காசு தரும் ஆள் யார் என்று தெரியாது.

தனி அதிகாரி

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விற்பனை, பில்லிங், டெலிவரி, சர்வீஸ் என்று நான்கு துறைக்கு நடுவில் பந்தாடப்படும் புகார்கள் உங்கள் நிறுவனத்தில் நிறைய என்றால், அந்தச் சந்துகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருப்பது நல்லது. ஆனால் அவரைப் போடுவதற்கு முன் ஒரே கேள்வி கேட்டுக்கொள்ளலாம்: வாடிக்கையாளரைப் பாதிக்கும் ஒரு விலை மாற்றத்தையோ, அரைகுறையான ஒரு புதுப் பொருளையோ இவரால் நிறுத்த முடியுமா? முடியாது என்றால் புகார்ப் பெட்டிக்கு ஒரு நாற்காலியும் விசிட்டிங் கார்டும் கொடுத்திருக்கிறீர்கள். இன்னொரு ஆபத்தும் உண்டு. அவர் வந்த மறுநாளே மற்றத் துறைக்காரர்கள் எல்லாம் "அது அவங்க வேலை" என்று கைகழுவிவிடுவார்கள்.

முடிவைக் கீழே கொடுப்பது

என் ஓட்டு இதற்குத்தான். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதிலிருக்கும் சங்கடங்களையும் சொல்லியாக வேண்டும்.

ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டல்களில் ஒரு விருந்தினரின் ஒரு பிரச்சினையைத் தீர்க்க ஊழியர் எவரும் மேலாளரைக் கேட்காமல் 2,000 டாலர் வரை செலவழிக்கலாம் என்ற விதி பிரபலமானது. அறையைச் சுத்தம் செய்பவருக்கும் அதே உரிமை. தொகையைக் கேட்டு எல்லாரும் மலைக்கிறார்கள், ஆனால் அந்த விதியின் உயிர் 'கேட்காமல்' என்ற சொல்லில் இருக்கிறது. கேட்கப் போகும் நேரத்துக்குள் விருந்தினரின் கோபம் ஆறிப்போய்க் கசப்பாகிவிடும்.

ஸ்காண்டிநேவியன் ஏர்லைன்ஸில் 1981-இல் தலைமைக்கு வந்த யான் கார்ல்சன் இதை ஒரு கணக்காகவே போட்டுக் காட்டினார். வருஷத்துக்கு ஒரு கோடிப் பயணிகள். ஒவ்வொருவரும் சராசரியாக ஐந்து ஊழியர்களைச் சந்திக்கிறார்கள், ஒவ்வொரு சந்திப்பும் சராசரியாக 15 விநாடி. ஆக, வருஷத்துக்கு ஐந்து கோடி முறை பயணியின் மனசில் நிறுவனம் உருவாகிறது. இந்த ஐந்து கோடித் தருணங்களில் எத்தனையில் தலைவர் இருக்க முடியும்? ஒன்றில்கூட முடியாது. 15 விநாடிக்குள் மேலே கேட்டுப் பதில் வாங்கவும் முடியாது. அப்படியானால் முடிவு அந்த ஊழியரிடம் இருக்க வேண்டும், இல்லையென்றால் எங்கேயும் இருக்காது. இந்தக் கணக்கை எந்த நிறுவனமும் தனக்குப் போட்டுப் பார்க்கலாம், பத்து நிமிஷ வேலை.

மேலே சொன்னது கொடுக்கும் உரிமை. இன்னொன்று நிறுத்தும் உரிமை, அதை மறந்துவிடுகிறோம். டொயோட்டா ஆலையில் வரிசையில் நிற்கும் தொழிலாளி குறை கண்டால் தலைக்கு மேலே இருக்கும் கயிற்றை இழுப்பார். இழுத்த மாத்திரத்தில் ஆலை முழுக்க நின்றுவிடாது. முதலில் விளக்கு எரியும், குழுத் தலைவர் ஓடி வருவார். வண்டி அந்த இடத்தைத் தாண்டும் முன் குறை தீரவில்லையென்றால்தான் வரிசை நிற்கும். இதே யோசனையை அமேசான் தன் வாடிக்கையாளர் சேவைக்கு எடுத்துக்கொண்டது. ஒரே பொருளைப் பற்றித் திரும்பத் திரும்பப் புகார் வந்தால், ஃபோனில் இருக்கும் ஊழியரே அந்தப் பொருளை விற்பனையிலிருந்து இறக்கிவிடலாம். காரணத்தைச் சரிசெய்த பிறகுதான் மறுபடி ஏறும். அதுவரைக்கும் விற்பனை போச்சு. நஷ்டப்படும் உரிமை என்று நான் சொல்வது இதைத்தான்.

கயிற்றைக் கட்டிவிட்டால் மட்டும் போதாது என்பதும் டொயோட்டா கதையிலேயே இருக்கிறது: இழுத்ததும் ஓடி வர ஓர் ஆள் வேண்டும். இழுத்துவிட்டுத் தொழிலாளி தனியாக நிற்க வேண்டியிருந்தால், ஒரு வாரத்தில் யாரும் இழுக்கமாட்டார்கள்.

சங்கடங்களுக்கு வருவோம். முதலாவது, கத்துகிறவருக்கு ரீஃபண்ட், பொறுமையாகப் பேசுகிறவருக்கு "பார்க்கிறோம் மேடம்" என்று ஆகிவிடும். இது நிஜமான அநியாயம், நல்ல வாடிக்கையாளரைத் தண்டிப்பது. இரண்டாவது, ஏமாற்றுபவர்கள் சிலர் வருவார்கள். அதைப் பற்றி நான் ரொம்பக் கவலைப்படுவதில்லை. நூறு பேரைச் சந்தேகப்படுவதற்கு ஆகும் செலவைவிட, இரண்டு பேரிடம் ஏமாறும் செலவு பெரும்பாலும் குறைவுதான், உங்கள் கணக்கில் அப்படி இல்லையென்றால் வரம்பைக் குறையுங்கள். மூன்றாவதுதான் பெரியது: உரிமையைக் கொடுத்தாலும் முதல் சில மாதங்களுக்கு யாரும் தொடமாட்டார்கள். பத்து வருஷமாக ஒவ்வொரு ரீஃபண்டுக்கும் விளக்கம் எழுதிப் பழகியவர், ஒரு சுற்றறிக்கையைப் பார்த்து மாறிவிடுவாரா? யாராவது ஒருவர் துணிந்து செய்து, அது தப்பாகவும் போய், அவரை மேலாளர் என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் மற்றவர்கள் கையை நீட்டுவார்கள்.

சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ் நிறுவனர்களில் ஒருவரான ஹெர்ப் கெல்லெஹர் ஊழியர்தான் முதல், வாடிக்கையாளர் அடுத்து, பங்குதாரர் அதற்கும் அடுத்து என்று சொல்லிக்கொண்டிருந்ததை இந்த இடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். பலரும் அதைப் பாசமான பேச்சு என்று எடுத்துக்கொள்கிறார்கள். பயந்துபோன ஊழியர் தன் கையில் இருக்கும் உரிமையைப் பயன்படுத்தமாட்டார் என்ற நடைமுறைக் காரணமே எனக்குப் போதும்.

எங்கே இது பொருந்தாது? மருந்து, கடன், விமானப் பாதுகாப்பு போன்ற இடங்களில் விதியை வளைக்கும் உரிமையைக் கீழே கொடுப்பது ஆபத்து. அங்கே நிறுத்தும் உரிமையை மட்டும் கொடுங்கள். வெல்ஸ் ஃபார்கோவின் கிளை ஊழியர் ஒருவரால் "இந்த இலக்கு இருக்கும்வரை கணக்கு திறப்பதை நிறுத்துகிறேன்" என்று கயிற்றை இழுக்க முடிந்திருந்தால் என்று யோசித்துப் பாருங்கள்.

மேசைக்கு வராத ஐந்தாவது

இந்த நான்கிலும் சேராத ஒன்று உண்டு: விட்டுக்கொடுப்பதை முன்பே விதியாக எழுதிவிடுவது. உறுப்பினர்களுக்கு மட்டும் விற்கும் அமெரிக்கக் கடைத் தொடரான காஸ்ட்கோ, வாங்கிய விலைக்கு மேல் ஏறத்தாழ 14 சதவீதம், தன் சொந்த பிராண்டுக்கு 15 சதவீதம் என்ற வரம்பைத் தாண்டி விலை வைப்பதில்லை. அதன் லாபத்தில் பெரும்பங்கு உறுப்பினர் கட்டணத்திலிருந்து வருவதால் இது கட்டுபடியாகிறது. யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை, அதிக லாபம் வைக்கும் ஆசையே கதவுக்கு வெளியில் நின்றுவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த முறை, ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் நிறுவனத்தை ஒரு வருஷத்தில் இப்படி மாற்றப் போனால் வம்புதான். ஆப்பிள் கடைகளை உருவாக்கிய ரான் ஜான்சன் 2011-இல் ஜேசி பென்னி என்ற அமெரிக்கக் கடைத் தொடருக்குத் தலைவராகப் போய், போலித் தள்ளுபடியும் கூப்பனும் வேண்டாம், என்றும் ஒரே நேர்மையான விலை என்று 2012-இல் மாற்றினார். கேட்க நல்ல விஷயம்தானே? அதை முதலில் சில கடைகளில் போட்டுப் பார்க்கவில்லை. கூப்பன் தேடி வாங்குவதில் சந்தோஷப்பட்ட பழைய வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள். அந்த ஒரு வருஷத்தில் விற்பனை கிட்டத்தட்ட கால் பங்கு சரிந்தது, 2013 ஏப்ரலில் அவரும் வெளியேறினார். வாடிக்கையாளருக்கு நல்லது என்று தலைவர் நினைப்பதும் வாடிக்கையாளர் நல்லது என்று நினைப்பதும் வேறு வேறாக இருக்கலாம். முதல் யோசனையைத் தாண்டிக் குதித்ததன் விலை அது.

எதை முதலில்

ஐம்பது பேருக்குள் இருக்கும் நிறுவனம் என்றால் தலைவர் தினமும் வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டுதான் இருப்பார். அங்கே அதிகாரி, மதிப்பெண் எல்லாம் அலங்காரம். கேட்டதை எழுதி வைக்கும் பழக்கம் வந்தாலே போதும். பத்திருபது பெரிய வாடிக்கையாளர்களை நம்பி ஓடும் நிறுவனம் என்றால் கெர்ஸ்ட்னர் வழி, அறிக்கையோடு சேர்த்து. ஆயிரக்கணக்கான சின்ன வாடிக்கையாளர்கள், நூறு இருநூறு ஊழியர்கள் என்ற நிலையில் இருப்பவர்களுக்குத்தான் முடிவு கஷ்டம். அவர்கள் நான்காவதில் தொடங்கலாம், சிறியதாக. மதிப்பெண்ணை வைத்துக்கொள்ளுங்கள், சம்பளத்தோடு மட்டும் சேர்க்காதீர்கள். அதிகாரியைப் பற்றி அடுத்த வருஷம் யோசிக்கலாம்.

சிறியதாக என்றால் இப்படி. கடந்த மூன்று மாதத்தில் வந்த புகார்களைத் தீர்க்கச் சராசரியாக ஆன செலவைப் பாருங்கள். அதைப்போல் இரண்டு மடங்கை ஓர் ஊழியரின் வரம்பாக வையுங்கள், யாரையும் கேட்க வேண்டாம். செலவழித்தவர் ஒரே ஒரு வரி எழுத வேண்டும்: யாருக்கு, ஏன். நியாயம் கேட்பதற்காக இல்லை, படிப்பதற்காக. கத்துகிறவருக்கு மட்டும்தான் போகிறதா என்பதும் அந்த வரிகளில்தான் தெரியும். வாரத்துக்கு இருபது வரிகளைத் தலைவர் தானே படிக்க வேண்டும், சுருக்கித் தரச் சொல்லக்கூடாது. அதில் மூன்றை எடுத்து, எழுதியவரையும் அந்த வாடிக்கையாளரையும் ஃபோனில் கூப்பிட்டுப் பேசினால், முதல் யோசனையும் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடும்.

ஒரே காரணம் பத்து வரிகளில் வந்திருந்தால் ரீஃபண்ட் கொடுத்துக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு, அந்த பில்லையோ பேக்கிங்கையோ சரிசெய்ய அடுத்த திங்கட்கிழமையே ஆள் போடுங்கள். இரண்டு மாதமாகியும் வரியே வரவில்லையென்றால், ஊழியர்களைக் கூப்பிட்டு ஊக்கப் பேச்சு பேச வேண்டாம். கடைசியாகக் கேட்காமல் செலவழித்தவர் யார், அன்றைக்கு அவரிடம் யார் என்ன சொன்னார்கள் என்று விசாரியுங்கள்.